கம்பெனிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைப்பதால் பயன் உண்டா?

கேள்வி: கோவை கணபதி பக்கம் பம்ப், மோட்டார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கிறேன். ஆபீஸ், ஷாப் ஃப்ளோர் எல்லாம் சேர்த்து 160 பேர். ஆயுத பூஜையை ஒட்டிப் பெயர்பெற்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் பேச வைக்கலாம் என்கிறார் முதலாளி. செலவு கொஞ்சம் அதிகம்தான். இதனால் உண்மையில் பயன் இருக்கிறதா, இல்லை கைதட்டலோடு முடிந்துவிடுமா?

பதில்:

பயன் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பயன் என்பது பேச்சாளரின் திறமையைவிட, அவர் வருவதற்கு முன்னாலும் போன பிறகும் நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. இப்படி ஒரு வரியில் சொன்னால் உங்கள் முதலாளியிடம் எடுத்துப் பேச உதவாது. அதனால் நான் பார்த்ததை வைத்து விவரமாகவே எழுதுகிறேன்.

நான் திருப்பூரிலும் கோவையிலும் 22 வருடம் ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, சம்பளத் தகராறு தீர்ப்பது என்று இதே வேலையில் இருந்தவன். பனியன் கம்பெனி, நூற்பாலை, பம்ப் கம்பெனி மூன்றிலும் பேச்சாளர்களை அழைத்து மேடை போட்டிருக்கிறேன். சில கூட்டங்களை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. சிலவற்றை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. உறுத்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் நான் இருந்த பனியன் கம்பெனியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் வைத்தோம். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளி, ஜமுக்காளம் விரித்து, மைக் செட் கட்டினோம். வந்தவர் நன்றாகத்தான் பேசினார். குரல் ஏறி இறங்கும், கதை சொன்னால் கண் முன்னால் வந்து நிற்கும். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கையை உயர்த்தி “என்னால் முடியும்” என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். ஷீட் கூரை அதிர்ந்தது. கடைசியில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும், ஓவர்லாக் ஓட்டுகிற ஓர் அக்கா எழுந்தார். பேச்சாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங் சார், இந்த ரெண்டு மணி நேரம் சிப்ட்டுல சேருமுங்களா?”

திருப்பூரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். அங்கே வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள், ஷிப்ட் கணக்கில் சொல்வார்கள். “இன்னிக்கு ஒண்ணரை போட்டேன்” என்றால் ராத்திரி வரை மெஷினில் இருந்தார் என்று அர்த்தம். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு மெஷின் நின்றால் வருமானமும் நின்றுவிடும். அதுவும் சனிக்கிழமை சம்பள நாள். வீட்டுக்குப் போகும் வழியில் மளிகை வாங்க வேண்டும், சீட்டுப் பணம் கட்ட வேண்டும், ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். எங்களிடம் பதில் இல்லை. மேடை, மாலை, டீ, போண்டா வரை யோசித்த நாங்கள் அதை மட்டும் யோசிக்கவில்லை. “பாத்துச் சொல்றேங்க்கா” என்றேன். திங்கட்கிழமை முதலாளியிடம் பேசி அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் கொடுத்தோம். ஆனால் அதற்குள் பேச்சு கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பேச்சாளர் சொன்ன கதை ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. அந்த அக்கா கேட்ட கேள்வி மட்டும் வருடக்கணக்கில் நின்றது.

அதே கூட்டத்தில் இன்னொரு தவறும் நடந்தது. முன்வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டியபோது தட்டினார்கள், எழுந்தபோது எழுந்தார்கள். முடிந்து வெளியே வரும்போது ஒரு பையன், மேடையில் இருந்தவர் என்ன சொன்னார் என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டான். இரண்டு மணி நேரம் தனக்குப் புரியாத பேச்சுக்குப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்குத் திருப்பூரானாலும் பெருந்துறையானாலும் கோவை ஃபவுண்டரிகளானாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள் இல்லாத ஷாப் ஃப்ளோர் அபூர்வம். உங்கள் 160 பேரில் தமிழ் புரியாதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

நூற்பாலையில் நடந்தது இதைவிட மோசம். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கான கூட்டம். பேச்சாளர் விளக்கை அணைக்கச் சொல்லி, மெல்லிய இசை போட்டு, “எல்லாரும் கண்ணை மூடி உங்க அம்மாவை நினைச்சுக்குங்க” என்றார். இது நம் ஊரில் வழக்கமான உத்திதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் ஹால் முழுக்க விசும்பல். அந்தக் கூட்டத்தில் அம்மா இறந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண் இருந்தாள். மூச்சு வாங்கி, கை விறைத்து, வார்டன் அம்மா தோளில் சாய்த்து வெளியே கூட்டிப்போனார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அவளுடைய துக்கம் எங்களுக்குத் தெரியும்; லீவு கொடுத்தவர்களே நாங்கள்தான். பேச்சாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் அழைத்த ஒவ்வொருவரிடமும் இதை நிபந்தனையாகவே வைத்தேன்: இருட்டாக்கி அழ வைக்கும் பயிற்சி எதுவும் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பேச்சுக்கு நம் பக்கத்தில் இருக்கிற மரியாதை நிஜமானது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவின் சாயங்காலக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு வந்து, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கிறார்கள். சுண்டல் பொட்டலம் கையில் இருக்கிறது, கண் மேடையை விட்டு நகரவில்லை. யாரும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை. பட்டிமன்றத்திலும் இலக்கிய மேடையிலும் வளர்ந்தவர்கள்தான் இன்றைக்குக் கம்பெனிகளுக்கும் பேச வருகிறார்கள். அவர்களிடம் சரக்கு இருக்கிறது. தினமும் ஒரே மெஷின், ஒரே சத்தம் என்று இருக்கிறவருக்கு, தன் வேலையையும் வாழ்க்கையையும் இன்னொருவர் அழகான தமிழில் எடுத்துச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றும். மனதுக்குள் கிடந்த ஒன்றுக்கு வார்த்தை கிடைக்கும். குடியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதியில் நிறுத்திய டிப்ளமோவைத் தபால் வழியில் முடித்தவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பேச்சு அதற்கு முதல் தள்ளு கொடுத்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் முதல் தள்ளு எத்தனை நாள் தாங்கும்? இதற்கு வெளியூர் உதாரணமே வேண்டாம். வெளிநாடுகளில் சில தன்னம்பிக்கைப் பயிற்சிகளில் தணல் மேல் நடக்க வைக்கிறார்கள், பயத்தை வெல்ல. நம் பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனி மாதம் ஆயிரக்கணக்கானோர் குண்டம் இறங்குகிறார்கள். குண்டத்தில் நடப்பது சில விநாடிதான். ஆனால் அதற்கு முன்னால், விழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு இருக்கிறது. அம்மன் சப்பரத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் வருகிறாள். அத்தனை நாளும் விரதம், வீட்டில் சுத்தம், நாக்கில் கட்டுப்பாடு. குண்டம் முடிந்த பிறகும் மறுபூஜை நடந்தால்தான் விழா முடியும். இறங்குகிறவர் தனியாள் இல்லை, ஊரே அவரோடு நாள் எண்ணுகிறது. கம்பெனிகளில் நாம் என்ன செய்கிறோம்? பூச்சாட்டும் இல்லாமல் மறுபூஜையும் இல்லாமல் நேராகக் குண்டத்தை மட்டும் மூட்டிவிட்டு, அடுத்த வாரமே சூடு ஆறிப்போய்விட்டது என்று குறைப்படுகிறோம்.

சரி, பூச்சாட்டு என்றால் கம்பெனியில் என்ன? ஆட்களிடம் போய்க் கேட்பது. அவ்வளவுதான், ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. மேலாண்மைப் படிப்பில் ஹாதார்ன் ஆய்வைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1924-லிருந்து 1932 வரை, சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆலையில் நடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுகிறதா என்று பார்க்கப் போய், குறைத்தபோதும் கூடியதைக் கண்டு திகைத்தார்கள் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்குகளை அலசி, விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை என்று சொன்னதும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆலையில் நடந்த இன்னொன்று. 1928-லிருந்து 20,000க்கும் அதிகமான தொழிலாளர்களைத் தனித்தனியே உட்கார வைத்துப் பேசக் கேட்டார்கள். முதலில் கேள்விப் பட்டியல் வைத்திருந்தார்கள். ஆட்கள் அந்தப் பட்டியலுக்குள் நிற்காமல் தங்கள் மனதில் இருப்பதையே பேசினார்கள். கடைசியில் பட்டியலை விட்டுவிட்டு, அவர்கள் போக்கிலேயே பேச விட்டார்கள். காசு கொடுத்து ஒருவரை அழைத்து வந்து பேசச் சொல்வதற்கு முன்னால், காசு வாங்காமலே பேசத் தயாராக இருப்பவர்கள் 160 பேர் உங்களிடமே இருக்கிறார்கள்.

ஒரு ஜவுளிக்கடை அனுபவம் சொல்கிறேன். கோவையில் பெரிய கடை. பெண்கள் முகத்தில் சிரிப்பே இல்லை, ஒரு நல்ல பேச்சாளராகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மேனேஜர் கேட்டார். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேலை செக்‌ஷனில் அவர்களோடு நின்றேன். மதியம் இரண்டு மணிக்குள் எனக்குக் குதிகால் விண்விண் என்று தெறித்தது. அப்போதுதான் கவனித்தேன்: வாடிக்கையாளர் திரும்பிய நொடியில் ஒவ்வொரு பெண்ணும் ரேக்கில் இடுப்பைச் சாய்த்து ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நிற்கிறாள். சூப்பர்வைசர் வந்தால் இரண்டு காலும் தரைக்கு வந்துவிடும். பேச்சாளர் வேண்டாம், ஸ்டூல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்கள்தான்.

தரக்கட்டுப்பாட்டில் பெரிய பெயர் எட்வர்ட்ஸ் டெமிங். போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குப் பாடம் எடுத்தவர். நிர்வாகத்துக்கு அவர் சொன்ன 14 கொள்கைகளில் பத்தாவது, தொழிலாளர்களைப் பார்த்து முழக்கமும் அறிவுரையும் சொல்வதை நிறுத்துங்கள் என்பது. காரணத்தையும் சொன்னார்: தரக்குறைவுக்கும் உற்பத்திக் குறைவுக்கும் பெரும்பாலான காரணங்கள் வேலைமுறையிலேயே இருக்கின்றன, அதை மாற்றும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. கையில் அதிகாரம் இல்லாத ஆளிடம் இன்னும் முயற்சி செய் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் கசப்புதான் மிஞ்சும். இதை நான் புத்தகத்தில் படித்து நம்பியவன் இல்லை, கண்ணால் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த ஒரு பம்ப் கம்பெனியில் நடந்தது அது. உங்கள் கம்பெனிக்கு இது நேரடியாகவே பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்திருந்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஃபோனில் நன்கொடை திரட்டுகிற ஊழியர்கள். அலுப்பான வேலை, எதிர்முனையில் திட்டு வேறு. அதில் ஒரு குழுவினரை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழு ஃபோனில் செலவழித்த நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய தொகை 171 சதவீதம். மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. வந்த மாணவர் பேச்சாளர் கிடையாது. அவர்கள் வேலையால் வாழ்க்கை நடத்துகிற ஆள், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், முதலாளியிடம் சொல்லி, அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு வாழை விவசாயியை அழைத்தோம். போருக்குள் தண்ணீரில் இறக்கி ஓட்டுகிற எங்கள் சப்மெர்சிபிள் மோட்டார் வைத்திருப்பவர். கூட்டம் காலை ஷிப்ட் நேரத்திலேயே, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனிலேயே. மேடை, மைக் எதுவும் கிடையாது. வைண்டிங்கில் பெரும்பாலும் பெண்கள்தான். மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டருக்குள் கம்பியை விரலால் இறக்கி இறக்கி நுனி விரல் எல்லோருக்கும் காய்த்துப்போயிருக்கும். அவர் ஒரு சிமெண்ட் சாக்குப் பையோடு வந்தார். “எனக்குப் பேச வராதுங்க. இதக் காட்டிட்டுப் போறனுங்க” என்று பையிலிருந்து கருகிய காயில் (கம்பிச் சுருள்) ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அது போன சித்திரையில் எரிந்தது. 800 அடி போர். மோட்டாரை வெளியே எடுக்க வேண்டுமானால் வண்டியும் ஆளும் வர வேண்டும், 20 அடி பைப்பாக 40 பைப்பைக் கழற்ற வேண்டும். வண்டிக்காரர் வருவதற்கு நான்கு நாள், சரிசெய்து இறக்க நான்கு நாள். எட்டு நாள் தண்ணீர் இல்லை. வாழை குலை தள்ளுகிற சமயம். “800 அடிக்குக் கீழ இருக்கறத யாருங்க எட்டிப் பாக்க முடியும்? நீங்க போட்ட கைய நம்பித்தான அம்மிணி உள்ள உடறோம்” என்றார். குரலில் கோபம் இல்லை. வயதான அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “இது நம்ம மோட்டாருங்களாய்யா?” “ஆமாங்கம்மிணி.”

யாரும் பேசவில்லை. அந்த அம்மாவே எழுந்து வந்து காயிலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் நிரப்பி ஓடுகிற மோட்டாரில் கம்பியின் மேலுறையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து மோட்டார் போய்விடும். அவர் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். “இங்கதான் போயிருக்குதுங்க. ஸ்லாட்டுல எறக்கறப்ப ஒரசியிருக்குது. ஸ்டாம்பிங் ஓரத்துல பிசிறு இருக்குதுங்க, நாங்களும் சொல்லிட்டேதான் இருக்கறம்.” சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டேட்டருக்கான தகட்டை, அதாவது ஸ்டாம்பிங்கை, வெட்டுகிற டை மழுங்கிப்போய் அதன் விளிம்பில் பிசிறு விழுந்துகொண்டிருந்தது. அதைத் தீட்டக் கொடுத்தால் ப்ரஸ் இரண்டு நாள் நிற்கும், டெஸ்பாட்ச் தள்ளும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அத்தனை நாளும் நான் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். வைண்டிங்கில் ரிஜெக்‌ஷன் அதிகமாக இருக்கிறது, பெண்களுக்குக் கவனம் போதவில்லை, ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் வைக்கலாம் என்று அந்த மாதம்தான் மீட்டிங்கில் பேசியிருந்தோம்.

முதலாளி அங்கேயே நின்று டூல் ரூம் ஆளைக் கூப்பிட்டார். அந்த வாரமே டையைத் தீட்டினார்கள். பிசிறு உள்ள ஸ்டேட்டரை வைண்டிங்கில் இருப்பவரே ஒதுக்கி வைக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று வாயால் சொன்னார். அதற்குப் பிறகு நடந்த மாற்றத்தை நான் சொல்வதைவிட நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு சிவப்பு ட்ரே வைத்தோம். அதில் ஸ்டேட்டர் விழுந்தால் யாரும் திட்டவில்லை. கம்பியை இறக்குமுன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது தானாகவே வழக்கமாயிற்று. அன்னூர்க்காரர் அடுத்த ஆயுத பூஜைக்கு இரண்டு வாழைத்தார் அனுப்பினார்.

1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட் ஏறிய ஊர் நம் கோவை. 1937-ல் ஜி.டி. நாயுடு மோட்டாரை உள்ளூரிலேயே செய்துகாட்டிய ஊர். செய்கிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான். அப்படியிருந்தும் இருவரும் சந்திப்பதே இல்லை. உங்களுக்கு இந்த வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பேச்சாளரே போகக் கூடாத இடமும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் எங்கே பார்த்தாலும் ஒரே பயம். ஆர்டர் நிற்குமா, ஆளைக் குறைப்பார்களா, தீபாவளி போனஸ் வருமா என்ற கேள்விதான். அந்த மாதிரி நேரத்தில் வெளியாள் ஒருவர் வந்து தடைகளைப் படிக்கட்டாக்குங்கள் என்று சொன்னால், மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். அங்கே முதலாளி வந்து நிற்க வேண்டும். கையில் எத்தனை வாரத்து ஆர்டர் இருக்கிறது, சம்பளம் தவறாமல் வருமா, எதற்கு உறுதி கொடுக்க முடியும், எதற்கு முடியாது என்று தெரிந்ததைச் சொல்ல வேண்டும். திக்கித் திக்கிப் பேசினாலும் பரவாயில்லை. கெட்ட செய்தியை நேரில் நின்று சொல்கிற முதலாளியை நம் ஆட்கள் மறப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. தூக்கத்தைக் குறைத்தால் முன்னேறலாம் என்று சில பேச்சாளர்கள் பேசுகிறார்கள். மாணவர்களிடம் சொல்வதே எனக்குச் சம்மதமில்லை. நாமக்கல் லாரி ஓட்டுநரிடமும், போர் போடும் திருச்செங்கோடு ரிக் வண்டியில் ராப்பகலாக நிற்கிறவரிடமும், உங்கள் ப்ரஸ் மெஷினில் கை வைக்கிறவரிடமும் அதைச் சொல்லவே கூடாது. பேச்சாளர் எதைப் பேசப்போகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி ஆசைப்படுகிறார், ஆட்களுக்கும் ஒரு நல்ல நாளாக இருக்கும், அழையுங்கள். ஆனால் பேச்சாளரை முடிவு செய்யும் முன் நீங்கள் ஒரு வாரம் செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய் உட்காருங்கள். வேலையில் எது உங்களை இழுத்துப் பிடிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். குறை என்ன என்று கேட்டால் பயப்படுவார்கள், இப்படிக் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் கேன் பதினோரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது, அளவு பார்க்கும் கேஜ் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு பேர் காத்திருக்கிறோம், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை என்று சின்னச் சின்னதாக வரும். அதில் பத்து நாளில் முடிக்கக்கூடிய மூன்றை எடுத்து, கூட்டத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகு சொல்லப்படும் தன்னம்பிக்கைக்குக் காது கிடைக்கும்.

பேச்சாளரிடம், முந்தைய நாள் வந்து ஒரு மணி நேரம் ஷாப் ஃப்ளோரில் நடக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்பவர் கொஞ்சம் குறைந்த பெயர் உள்ளவராக இருந்தாலும் அவரையே அழையுங்கள். நேரமில்லை என்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எல்லா ஊரிலும் பேசுகிற அதே பேச்சைத்தான் உங்களிடமும் பேசப்போகிறார். கட்டணம் இந்தத் துறையில் சில ஆயிரத்திலிருந்து லட்சங்கள் வரை போகிறது. கட்டணத்துக்கும் பலனுக்கும் நான் ஒரு தொடர்பும் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் வேண்டாம், 45 நிமிடம் போதும். மீதி நேரத்தில் ஆட்கள் பேசட்டும். ஹிந்தி தெரிந்த சூப்பர்வைசர் ஒருவரை வடநாட்டுப் பையன்களோடு உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே வரச் செய்யுங்கள்.

சூப்பர்வைசர்களுக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உண்மையில் உங்கள் பணம் அதிகம் பலிக்கிற இடம் அதுதான். நன்றாகக் கம்பி சுற்றியவரை, நன்றாக லேத் ஓட்டியவரைச் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறோம். ஆளிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவருக்கு அதட்டத்தான் தெரியும், ஏனென்றால் அவரையும் அப்படித்தான் அதட்டினார்கள். மேடையில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், மறுநாள் காலை எட்டரைக்கு மெஷின் பக்கத்தில் கேட்கும் குரல் அவருடையதுதான்.

இலக்கு வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எட்வின் லாக், கேரி லேத்தம் இருவரும் பல வருட ஆய்வில் காட்டியது, முடிந்ததைச் செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்வதைவிட, குறிப்பிட்ட, கொஞ்சம் கடினமான இலக்குதான் வேலையை நகர்த்துகிறது என்று. அதனால் கூட்டம் முடியும்போது உறுதிமொழி எடுக்க வைக்காமல், ஒவ்வொரு செக்‌ஷனும் அடுத்த மாதத்துக்குள் மாற்றிக்காட்டப்போகும் ஒரே ஒரு காரியத்தை அவர்களே சொல்லி, போர்டில் எழுதட்டும். பக்கத்தில் நிர்வாகம் செய்துகொடுக்க வேண்டியதையும் எழுதுங்கள். அதே போர்டின் முன்னால் பதினைந்தாம் நாள் முதலாளியோடு நின்று, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் படியுங்கள். நான் மறுபூஜை என்றது இதைத்தான்.

பலன் எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்பார். பெரும்பாலும் கூட்டம் முடிந்ததும் பேச்சு பிடித்ததா என்று ஒரு தாளில் டிக் போட வைத்து, 95 பேர் பிடித்தது என்றார்கள் என்று ஃபைலில் வைத்துவிடுவோம். டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-ல் பயிற்சியை அளக்க நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடப்பு மாறியதா, பலன் வந்ததா. நாம் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். நீங்கள் இப்போதே கடந்த மூன்று மாத ரிஜெக்‌ஷன், சொல்லாமல் எடுத்த லீவு, வேலையை விட்டுப்போனவர் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள். மாற்றம் பேச்சால் வந்ததா ஃபேனால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வேலைக்கு அதைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தேதியைப் பொறுத்தவரை, ஆயுத பூஜை அன்றைக்கே வைக்காதீர்கள். அன்று எல்லோருக்கும் மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரி வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தான் மனசு இருக்கும். அதற்கு முந்தைய வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை, டீக்கு அப்புறம் வையுங்கள். முந்தின நாளே நோட்டீஸ் போர்டில் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதுங்கள்: கூட்ட நேரம் ஷிப்ட்டில் சேரும்.